சனிக்கிழமை ஒன்பது மணித் தண்ணீர்

ஓசூர்
26.6.2025

அன்புத் தங்கை பிச்சையம்மாளுக்கு,

அண்ணன் காசிராஜன் எழுதுவது. மகன் பிரேம்குமார் வீட்டில் நான் சௌக்கியமாக இருக்கிறேன். இடது முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் சண்டைக்கு வருகிறது. நீ எப்படி இருக்கிறாய்? உன் மகன் சங்கிலிப்பாண்டி, மருமகள் ஜாஸ்மின் எல்லாரும் நலமா?

ராஜபாளையம் வீட்டைப் பூட்டிவிட்டு வந்ததிலிருந்து எனக்கு அந்த நினைப்புதான். போன வருஷம் பத்து நாள் ஊரில் இல்லாதபோது சிங்க் குழாய் விட்டுப்போய் வீடு முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றதே, மறந்திருக்க மாட்டாய். உன் மதினி பொன்மணியின் பீரோவில் அடிப்பலகை உளுத்துப்போனது. பேண்டேஜ் துணி நெய்யும் நாலு தறி ஓட்டிக் கட்டிய வீடு. இனி அப்படி ஆகாது என்று பிரேம்குமார் ஒரு வேலை செய்திருக்கிறான். நாங்கள் கிளம்பிய அன்று நீயும் பார்த்தாய், சோப்புக்கட்டி மாதிரி வெள்ளையாக நாலு சின்னப் பெட்டி. அடுப்படி சிங்குக்கு அடியில் ஒன்று, வாஷிங் மெஷின் அடியில் ஒன்று, மாடிப்படிக்குக் கீழே ஒன்று, படுக்கையறை ஏசிக்குக் கீழே ஒன்று. தண்ணீர் பட்டால் அங்கே சத்தமே வராது. இங்கே என் போன்தான் கத்தும், எந்தப் பெட்டி என்று பெயரோடு. தொட்டி வால்வையே போனிலிருந்து மூடலாமாம். பக்கத்து ஊரில் இருக்கும் ஒருவர் நம்பரும் அதில் போட வேண்டுமாம். அதை அவன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

ஸ்பின்னிங் மில்லில் இருபத்தெட்டு வருஷம் ரிங் பிரேம் மெஷின் சத்தத்தில் நின்று உன் காது போயிற்று. இல்லாவிட்டால் உன் நம்பரையே போடச் சொல்லியிருப்பேன். உன் வீட்டில் இருக்கும் ஒரே போனும் மகன் கையில். நமக்கு இந்தக் கடிதம்தான் கதி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். சாவி உன்னிடம் இருக்கிறது. வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்து வா. வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்
காசிராஜன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பிச்சையம்மாள் வணக்கம். உங்கள் கடிதம் போன வாரமே வந்தது. பதில் எழுதச் சுணங்கிவிட்டது, கோபிக்க வேண்டாம். முட்டிக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் விடுங்கள்.

சங்கிலிப்பாண்டி நலம். வேலைக்குப் போகிறான், வருகிறான். நானும் நலம்.

செவ்வாய்க்கிழமைதோறும் ராஜபாளையம் போய் வீட்டைப் பார்த்து வருகிறேன். எல்லாம் நீங்கள் வைத்தபடி இருக்கிறது. ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தண்ணீரை மட்டும் போனிலிருந்து மூடிவிட வேண்டாம். கொல்லையில் மதினி வைத்த முல்லை வாடிக்கிடக்கிறது. ஊற்ற வேண்டும்.

பிரேம்குமாரைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
பிச்சையம்மாள்


ஓசூர்
20.7.2025

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். நீ சொன்ன எண்ணெய் வைத்தியத்தில் முட்டிக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். 12ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குப் போன் கத்தியது. அடுப்படிப் பெட்டி. காப்பியை அப்படியே வைத்துவிட்டேன். பத்து நிமிஷம் கழித்துக் காய்ந்துவிட்டது என்று காட்டியது. சரி, ஏதோ சொட்டு என்று விட்டேன். நேற்று, 19ஆம் தேதி, அதே ஒன்பது மணி, அதே பெட்டி. குழாய் ஒழுகினால் நாள் பார்த்து, மணி பார்த்தா ஒழுகும்? சிங்குக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பார்த்து எழுது. எலி கடித்திருந்தால் பிளம்பரைக் கூப்பிடு.

ஜாஸ்மினைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லையே. மாமியார் மருமகள் சண்டையா? அந்தப் பிள்ளை உன்னிடம் உதட்டை அசைத்து நிதானமாகப் பேசும் அழகே தனி. அவளிடம் சண்டை போட்டால் நஷ்டம் உனக்குத்தான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
காசிராஜன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.8.2025, சனிக்கிழமை

அண்ணனுக்கு வணக்கம்.

உங்கள் உடல்நலம் அறிந்து சந்தோஷம். இங்கே ஆண்டாள் தேரோட்டம் நன்றாக நடந்தது. கூட்டத்தில் என்னால் நிற்க முடியவில்லை.

இன்று காலை எட்டரை பஸ்ஸில் போய் ராஜபாளையம் வீட்டைப் பார்த்தேன். பத்து மணி வரை அங்கேதான் இருந்தேன். சிங்குக்குக் கீழே எலி ஏதும் இல்லை. தரை காய்ந்து கிடக்கிறது. அந்தப் பெட்டி தானாகக் கத்துகிறதோ என்னவோ. புதுச் சாமானை அப்படியே நம்ப முடியுமா?

ஜாஸ்மின் தளவாய்புரத்தில் அவள் அப்பா தேவஇரக்கம் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவருக்கு மூச்சிளைப்பு. வரக் கொஞ்ச நாள் ஆகும். சண்டை எதுவும் இல்லை.

வேறு விசேஷம் இல்லை. மழை வரும்போல் இருக்கிறது, வெளியே அதிகம் நடக்காதீர்கள்.

பிச்சையம்மாள்


ஓசூர்
10.8.2025

பிச்சையம்மாளுக்கு,

உடம்பு நலம். மனது நலமில்லை.

ஜூலை 26, ஆகஸ்ட் 2, நேற்று ஆகஸ்ட் 9. மூன்றும் சனிக்கிழமை, மூன்றும் ஒன்பது மணி. நீ 2ஆம் தேதி எட்டரை பஸ்ஸில் போய்ப் பத்து மணி வரை அங்கே இருந்ததாக எழுதியிருக்கிறாய். அன்றைக்கும் ஒன்பது மணிக்கு அடுப்படி நனைந்தது. நீ அங்கே இருந்திருந்தால் உன் காலடியில்தான் நனைந்திருக்கும். தரை காய்ந்து கிடந்தது என்கிறாய். ஒன்று பெட்டி பொய் சொல்கிறது, இல்லை நீ சொல்கிறாய். அறுபது வருஷத்தில் நீ என்னிடம் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு மாவு மில் வேல்சாமிக்குப் போன் செய்தேன். "அண்ணாச்சி, பூட்டு பூட்டுனபடிக்கே தொங்குது. ஆனா கொல்லப் பக்கம் நிக்கும்போது உள்ள யாரோ இருமுத மாதிரி கேட்டுச்சு. நம்ம பிரமையோன்னு விட்டுட்டேன்" என்கிறான். பிச்சை, வெளியே பூட்டித் தொங்கும் வீட்டுக்குள் இருந்து யார் இருமுவது? மனது கண்டபடி போகிறது. செத்துப்போன பொன்மணி வந்து வீட்டைக் கழுவுகிறாளோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு அவளும் வெள்ளிக்கிழமைதானே கழுவுவாள், நம் வீட்டில் யார் சனிக்கிழமை கழுவினார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தண்ணீரைப் போனிலிருந்து மூடிவிட்டேன். இன்று காலை மூடியது. முல்லை வாடினால் வாடட்டும். அடுத்த சனிக்கிழமையும் கத்தினால் வேல்சாமியை விட்டுப் பூட்டை உடைத்துப் பார்க்கச் சொல்லப் போகிறேன், போலீசோடு.

அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
13.8.2025
ஸ்பீடு போஸ்ட்

அண்ணே,

தண்ணீரைத் திறந்துவிடுங்கள். கடிதம் கைக்கு வந்த நிமிஷமே திறந்துவிடுங்கள். ஏன் என்று கேட்க வேண்டாம். வேல்சாமி வேண்டாம், போலீஸ் வேண்டாம், யாரும் பூட்டைத் தொட வேண்டாம். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

பிச்சை


ஓசூர்
16.8.2025

என் தங்கைக்கு,

உன் கடிதம் இன்று பதினொரு மணிக்கு வந்தது. பதினொன்று இரண்டுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். ஆறு நாள் மூடி வைத்திருந்திருக்கிறேன்.

திறந்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். சனிக்கிழமை வீடு கழுவுவது வேதக்காரர்கள் வழக்கம். மறுநாள் ஞாயிறு, சர்ச்சில் ஆராதனை. நம் குடும்பத்தில் சனிக்கிழமை கழுவுகிறவள் ஒருத்திதான். அவள் தளவாய்புரத்தில் இல்லை.

பூட்டிய வீட்டுக்குள் அந்தப் பிள்ளையை எதற்கு வைத்திருக்கிறாய்? யாருக்குப் பயந்து? பதிலை நானே எழுதிவிடுவேன், ஆனால் நீ சொல்லித்தான் கேட்க வேண்டும். திட்ட மாட்டேன். ஆறு நாள் தண்ணீர் இல்லாமல் அவள் என்ன செய்தாள் என்பதையும் எழுது.

உன் அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
21.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜாஸ்மின் உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். மூன்று குடம் பிடித்து வைத்திருந்தாளாம், அதை வைத்துச் சமாளித்தாள். தண்ணீரை மூடியதாக உங்கள் கடிதம் வந்த அன்றே நானும் இரண்டு கேன் தண்ணீர் சுமந்துபோனேன்.

நீங்கள் நினைத்தது சரி. சங்கிலிப்பாண்டிக்குப் பயந்துதான். நான் பெற்றவன். கல்யாணம் ஆன ஆறாம் மாதத்தில் தொடங்கியது. போன் பேசினால் யாரோடு, கோயிலுக்குப் போனால் யாரைப் பார்க்க என்று. அவள் போனை உடைத்தான். பிறகு அவளை அடித்தான். எனக்குச் சத்தம் கேட்காது அண்ணே. அடுத்த அறையில் நடந்திருக்கிறது, நான் கீரை ஆய்ந்துகொண்டு இருந்திருக்கிறேன். ஜூன் மாதம் ஒரு நாள் மத்தியானம் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். அவன் அவள் கழுத்தில் இரண்டு கையையும் வைத்திருந்தான். அவள் கால் தரையில் இல்லை. செம்பை எடுத்து அவன் முதுகில் அடித்த பிறகுதான் விட்டான்.

தளவாய்புரத்துக்கு அனுப்பினேன். மறுநாளே போய்த் தெருமுனையில் நின்றான். "பொணமாத்தான் தருவேன், பரவாயில்லையா?" என்று அவள் அப்பாவிடம் கேட்டிருக்கிறான். இளைப்புக்காரர், பயந்து போனார். அப்போதுதான் உங்கள் வீடு ஞாபகம் வந்தது. நீங்கள் கிளம்பி மூன்றாம் நாள் அழைத்துப்போய் உள்ளே விட்டு வெளியே பூட்டினேன். செவ்வாய்க்கிழமை சாமானோடு போவேன். அவள் எங்கே என்று அவன் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறான். நானும் தேடுவதுபோல் கூடவே தளவாய்புரம் போய் வந்தேன்.

பெட்டியைப் பற்றிச் சொல்லி, கழுவாதே என்றேன். தலையை ஆட்டினாள். இரண்டு வாரம் பொறுத்தாள். ஆனால் சனிக்கிழமை வந்தால் மனசு கேட்கவில்லையாம். "அத்தை, அழுக்குத் தரையில முழங்கால் போட்டு ஜெபம் பண்ண முடியல. அந்த ஒரு நாளுதான் நான் மனுசின்னு தோணுது" என்றாள். முன்னறையில் ஒரே ஒரு வாளி. உங்கள் வீட்டுத் தரை வாட்டம் அடுப்படிப் பக்கம்தானே, தண்ணீர் அங்கே ஓடிவிடுகிறது.

இதை உங்களிடம் மறைத்தேன். மகனைப் பற்றிக் கூடப் பிறந்தவனிடம் இப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. உங்கள் கடிதங்களைத் தபால்காரர் என் கையில்தான் தருகிறார். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுகிறேன்.

உங்கள் முட்டி எப்படி இருக்கிறது?

பிச்சை


ஓசூர்
26.8.2025

என் தங்கைக்கு,

என் முட்டியை விடு.

போலீசுக்குப் போகலாம் என்று நான் சொன்னால் அவள் பயப்படுவாள், நீயும் பயப்படுவாய். அதற்கு அவள் தயாராகும்வரை வீடு அவளுடையது. ஒரு ஏற்பாடு சொல்கிறேன், அவளிடம் கவனமாகச் சொல். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வழக்கம்போல் கழுவட்டும். அடுப்படிப் பெட்டி கத்தினால் அவள் நலம் என்று நான் எடுத்துக்கொள்வேன். படுக்கையறையில் ஏசிக்குக் கீழே இருக்கிறதே, அது நனைய வழியே இல்லை. ஏசி ஓடவில்லை, வாட்டமும் அந்தப் பக்கம் இல்லை. ஆபத்து என்றால் ஒரு டம்ளர் தண்ணீரை அதன்மேல் ஊற்றட்டும். எந்த நேரமானாலும் வேல்சாமியை அடுத்த நிமிஷம் அனுப்புகிறேன். அவனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வாயைத் திறக்க மாட்டான்.

பிரேம்குமாருக்கு இன்னும் சொல்லவில்லை. உன் மகனும் அவனும் மாப்பிள்ளை மச்சான் என்று தினம் பேசிக்கொள்கிறவர்கள்.

செப்டம்பர் 6ஆம் தேதி எனக்குக் கண்புரை ஆபரேஷன். சின்ன வேலைதான், ஒரே நாளில் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். கவலைப்படாதே. அந்தப் பிள்ளைக்கு இருமலுக்கு மருந்து வாங்கிக் கொடு.

அண்ணன்


ஓசூர்
7.9.2025, ஞாயிறு காலை

பிச்சை,

ஒரு கண்ணால் எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். தெரிந்தே எழுதுகிறேன். உனக்குப் போனில் சொன்னால் கேட்காது, உன் வீட்டில் போனை எடுப்பவனோ அவன். எழுதாமல் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

ஆபரேஷனுக்காக நேற்றுக் காலை என் போனை அணைத்து வைத்தார்கள். அவள் ஒன்பது மணிக்குக் கழுவியிருக்கிறாள். முதல் ஆள் பத்து நிமிஷத்தில் பார்க்காவிட்டால் இரண்டாவது நம்பருக்குச் செய்தி போகுமாம். இத்தனை நாள் நான் உடனே பார்த்துவிட்டதால் போகவில்லை. அந்த இரண்டாவது நம்பர் சங்கிலிப்பாண்டியுடையது. பக்கத்து ஊரில் இருக்கும் சொந்தக்காரன் என்று ஜூன் மாதமே பிரேம்குமார் போட்டிருக்கிறான். யார் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நேற்றே அவன் பிரேம்குமாருக்குப் போன் போட்டானாம். "மாமா வீட்டுல தண்ணி ஒழுகுதாம்லே, நாளைக்கு லீவு, நான் போய்ப் பாக்கேன்" என்று. இந்த மடையன், "சாவி அத்தைகிட்டதான இருக்கு, வாங்கிட்டுப் போ மாப்ள" என்றானாம். இன்று காலை இட்லி சாப்பிடும்போது சாவகாசமாகச் சொல்கிறான். எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டேன். நம்பரை எடுத்துவிட்டான். எடுத்து என்ன?

வேல்சாமிக்குச் சொன்னேன். கூமாப்பட்டியில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறான், தாலி கட்டியதும் கிளம்புகிறேன் என்றான், இப்போதே கிளம்பு என்றேன். மணி பத்தேகால். நீ சாவியைக் கொடுத்திருப்பாயா? அவன் கேட்டால் என்ன சொல்வாய்? உனக்குப் பொய் சொல்ல வராதே, அந்த ஆகஸ்ட் கடிதத்தில் நான் எவ்வளவு சுலபமாகக் கண்டுபிடித்தேன்

கத்துகிறது. படுக்கையறை.

பத்து நாற்பது. வேல்சாமி மம்சாபுரம் தாண்டிவிட்டானாம், மில் ஆட்களைப் போகச் சொல்லியிருக்கிறான். போலீசுக்கும் பேசிவிட்டேன். இனி எனக்கு எதுவும் தெரியாது. பெட்டி இன்னும் ஈரம் என்று காட்டுகிறது.


ராஜபாளையம்
11.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வேல்சாமி மூலம் உங்களுக்கு விவரம் தெரிந்திருக்கும். ஆனாலும் நான் எழுத வேண்டும். கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கிலிப்பாண்டி என் எதிரில் வந்து கையை நீட்டினான். "மாமா வீட்டுச் சாவி" என்றான். உதடு தெளிவாகத் தெரிந்தது. நான் தட்டில் இட்லி வைத்துக் கொடுத்தேன். மறுபடி சொன்னான். காதைக் காட்டிக் கையை விரித்தேன். பேப்பரில் எழுதினான். கண்ணாடியைக் காணோம் என்று தேடினேன், அது என் மடியில் இருந்தது. சாவியும் மடியில்தான் இருந்தது. காது போனதற்காக நான் எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன் அண்ணே. அன்றைக்கு அது கால் மணி நேரம் வாங்கிக் கொடுத்தது. அப்போதும் அவனுக்குச் சந்தேகம் இல்லை, கிழவிக்குப் புரியவில்லை என்று எரிச்சல்தான். சாவி இல்லாமலே கிளம்பினான். நான் பின்னாலேயே பஸ் ஏறினேன்.

பூட்டை உடைக்கக் கம்பியை விட்டு நெம்பியபோது ஜன்னல் இடுக்கில் அவளைப் பார்த்துவிட்டான். அதன் பிறகு அவன் தண்ணீர் பார்க்க வந்தவனாக இல்லை. அவள் படுக்கையறைக்குள் ஓடித் தாழ் போட்டு மதினியின் பீரோவைக் கதவுக்கு அணைத்திருக்கிறாள். டம்ளர் கிடைக்கவில்லையாம், கையில் கிடைத்த செம்பைப் பெட்டிமேல் கவிழ்த்தாள். மாவு மில் ஆட்கள் வந்தபோது கதவில் பாதி போயிருந்தது. அவர்கள் நாலு பேர் பிடித்தும் அவன் நிற்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

மகளிர் காவல் நிலையத்தில் ஜாஸ்மின் புகார் எழுதிக் கொடுத்தாள். பார்த்தது யார் என்று கேட்டார்கள். ஜூன் மாதம் பார்த்ததை நான் சொன்னேன், எழுதினார்கள், கையெழுத்துப் போட்டேன். பதினைந்து நாள் ரிமாண்டு. இப்போது நான் அவளோடு உங்கள் வீட்டில்தான் இருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகக் கால் வரவில்லை.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கொசு கடித்தால் தூக்கம் வராது.

பிச்சையம்மாள்


ஓசூர்
28.9.2025

என் அன்புத் தங்கைக்கு,

கண் தெளிந்துவிட்டது. இந்தக் கடிதம் நேராக இருப்பதைப் பார்த்தாலே தெரியும்.

உன் கடைசி வரியைப் பல தடவை படித்தேன். நீ அவனைப் பெற்றவள், அது மாறாது. அந்தக் கையெழுத்தும் மாறாது. ரிமாண்டை இன்னும் பதினைந்து நாள் நீட்டியிருக்கிறார்கள், புதன்கிழமை அவன் ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறதாம். வெளியே வந்தால் வருவான் என்ற பயம் உனக்கு இருப்பதுபோல் எனக்கும் இருக்கிறது. வக்கீலிடம் பேசியிருக்கிறேன். பிரேம்குமார் நாளை அங்கே வந்து பதினைந்து நாள் தங்குகிறான். செய்த தப்புக்கு அவனாகவே கேட்டது. வாசலுக்குப் புதுக் கதவு போடச் சொல்லியிருக்கிறேன், தாழ் உள்பக்கம். அந்த வீட்டுக்கு இனி வெளியே பூட்டு வேண்டாம்.

நேற்று சனிக்கிழமை. ஒன்பது மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கத்தவில்லை. ஒன்பதே காலுக்கும் இல்லை. ஒன்பதரைக்கும் இல்லை. ஜெயிலில் இருப்பவன் எப்படி வருவான் என்று மனதுக்குச் சொன்னால் மனது கேட்டால்தானே. வேல்சாமியைக் கூப்பிட்டேன். "என்ன அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்காவ" என்று சிரிக்கிறான். ஒன்பது நாற்பதுக்கு அடுப்படிப் பெட்டி கத்தியது. கத்தட்டும் என்று கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். பிரேம்குமார் வந்து, "அப்பா, அத அமுக்குங்க" என்கிற வரைக்கும்.

ஏன் இத்தனை நேரம் என்று பிறகு வேல்சாமிதான் சொன்னான். கதவை அகலத் திறந்து வைத்து, முதலில் தெருவாசலைக் கழுவினாளாம். தேய்த்துத் தேய்த்துக் கழுவினாளாம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், அவளும் நிமிர்ந்து பார்த்தாளாம். அதன் பிறகுதான் உள்ளே வந்திருக்கிறாள்.

முல்லைக்குத் தண்ணீர் ஊற்றச் சொல். நீயும் சாப்பிடு.

அண்ணன்
காசிராஜன்